பழைய லாரியில் ஸ்டியரிங் ஒடித்தால் முனகல் சத்தம்: பவர் ஸ்டியரிங் பம்பு மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

சங்ககிரி 6 சக்கரம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. தை மாதம் பழைய ஆறு சக்கர வண்டி ஒன்று எடுத்தேன், 2014 மாடல், நான் மூன்றாவது ஓனர். இன்ஜின், கியர்பாக்ஸ், சேஸ் எல்லாம் தெரிந்த ஆளைக் கூட்டிப் போய்ப் பார்த்துத்தான் எடுத்தோம். ஸ்டியரிங்கை மட்டும் நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்துவிட்டு, லேசாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், ஒடிக்கும்போதெல்லாம் ஒரு முனகல். கன்றைத் தேடுகிற மாடு அடித்தொண்டையில் முனகுமே, அந்த மாதிரி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் அதிகம். லோடு இருந்தால் இன்னும் அதிகம். ரேஸ் கொடுத்தால் சத்தமும் கூடவே ஏறுகிறது. பத்து நாளைக்கு ஒருமுறை ஸ்டியரிங் ஆயில் டேங்கில் கால் லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது, ஆனால் கீழே ஒரு சொட்டுகூட விழுவதில்லை.

பட்டறையில் காட்டினேன். பானெட்டைக்கூடத் திறக்காமல் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, பம்பு முடிந்தது, பம்பும் கூலியும் சேர்த்து 14,000 ஆகும் என்றார்கள். டியூ கட்டுகிற வண்டிங்க. செலவு செய்யத் தயார்தான், ஆனால் அதுதான் கோளாறு என்று தெரிந்து செய்ய வேண்டும். தாளவாடியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு முட்டைக்கோஸ் நடை இருக்கிறது, திம்பம் மலைப்பாதை இறங்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

பவானிக்கரை:

பெல்ட்டைப் பாருங்க முதலில். பெல்ட் தளர்ந்தால் ஒடிக்கும்போது கத்தும். எங்கள் பிக்கப்பில் இதே கதைதான், பெல்ட்டை இழுத்துக் கட்டியதும் நின்றுவிட்டது.

சங்ககிரி 6 சக்கரம்:

என் வண்டியில் பம்புக்குப் பெல்ட் இல்லைங்க அண்ணா, இன்ஜின் கியரிலிருந்தே ஓடுகிறது.

மேட்டுப்பாளையம் மண்டி லோடு:

தம்பி, பம்பை மாற்ற அவசரப்படாதே. நான் அந்த வேலையைச் செய்துவிட்டு நிற்கிறேன். போன வருடம் இதே முனகல், புதுப் பம்பு போட்டேன், இரண்டு மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி. ஆறாவது மாதம் அந்தப் புதுப் பம்பும் போய்விட்டது. எதனால் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்த இழையில் விடை கிடைத்தால் எனக்கும் உதவும்.

நாமக்கல் பெட்டி வேலை:

இருபது வருடமாக ஸ்டியரிங் பெட்டியும் பம்பும் கழற்றி மாட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். சத்தத்தைக் கேட்டு மட்டும் பம்பு போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. முனகுவது பம்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது எதனால் முனகுகிறது என்பதுதான் கேள்வி. பாதிக்கு மேல் வண்டிகளில் பம்பு நன்றாகவே இருக்கும், அதற்கு ஆயில் ஒழுங்காக வந்து சேராது, அதனால் கத்தும்.

நாளைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்துவிட்டு எழுதுங்க. ஒன்று, டேங்க் மூடியைத் திறந்து ஆயில் என்ன நிறம், நுரை இருக்கிறதா, என்ன வாசம் என்று பாருங்க. இரண்டு, இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது ஆயில் மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, ஆளை விட்டு இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்தியதும் மட்டம் மேலே ஏறுகிறதா என்று கவனியுங்க. மூன்று, நீளமான திருப்புளி ஒன்றைப் பம்பு உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்க, அப்புறம் ஸ்டியரிங் பெட்டியில் வைத்துக் கேளுங்க. துண்டு, சட்டைக் கை எல்லாம் ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்க.

இன்னொன்று, முழு லாக் வரைக்கும், அதாவது அதற்குமேல் திரும்பாத இடம் வரைக்கும் ஒடித்துப் பிடித்தால் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும். அது, அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடுகிற ரிலீஃப் வால்வு திறக்கிற சத்தம், கோளாறு இல்லை. அப்படி ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீங்க. ஆயில் மொத்தமும் அந்தச் சின்ன வால்வு வழியே சுற்றிச் சுற்றிக் கொதித்துப்போகும், பம்பும் கெடும்.

காங்கேயம் எண்ணெய் வண்டி:

லோடு இருந்தால் அதிகம் என்கிறீர்கள், முன் சக்கரம் திரும்புகிற கிங்பின் ஆணி காய்ந்திருக்கலாம். கிரீஸ் அடித்தீர்களா? முன் டயரில் காற்று எவ்வளவு?

நாமக்கல் பெட்டி வேலை:

அதையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கிங்பின் காய்ந்தால் ஸ்டியரிங் கனக்கும், ஒடித்துவிட்டால் தானாக நேராகத் திரும்பாது. ரேஸுக்குத் தகுந்தாற்போல் சத்தம் ஏறுகிறது என்றால் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற பொருள்தான் கத்துகிறது. கிங்பின், சக்கரத்தைத் திருப்புகிற கம்பிகளான டிராக் லிங்க், டை ராடு இவற்றின் பந்து ஜாயிண்ட் எல்லாம் "டக் டக்" என்று தட்டும், முனகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேவையில்லாததை எல்லாம் கழற்ற வேண்டி வரும்.

சங்ககிரி 6 சக்கரம்:

பார்த்துவிட்டேனுங்க அண்ணா. ஆயில் ரோஸ் மில்க் மாதிரி இருக்கிறது. இளஞ்சிவப்பு, மேலே பொடி நுரை, ஊற்றி வைத்த ரோஸ் மில்க்கேதான். தீய்ந்த வாசம் லேசாக இருக்கிறது. இன்ஜினை நிறுத்தியதும் என் கண் முன்னாலேயே மட்டம் இரண்டு விரற்கடை ஏறியது. திருப்புளி வைத்துக் கேட்டதில் பம்பில்தான் முனகல் பலமாக இருக்கிறது, பெட்டியில் ஒன்றுமில்லை.

நாமக்கல் பெட்டி வேலை:

சரி, பாதி வேலை முடிந்தது. உங்கள் ஆயிலில் காற்று கலந்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது அழுத்தத்தில் அந்தக் காற்று சுருங்கிக் கிடக்கும், நிறுத்தியதும் விரியும், விரிகிற அளவுக்கு டேங்கில் மட்டம் ஏறும். காற்று இல்லாத வண்டியில் நிறுத்தினால் மட்டம் பெரிதாக ஏறாது.

இப்போது காற்று எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்க. சக்‌ஷன் பைப் ஜாயிண்டில் மயிரிழை வெடிப்பு இருந்தால் என்ன ஆகும்? மோட்டார் ஓடும், தண்ணீர் துப்பித் துப்பி வரும், மோட்டார் வேறு மாதிரி சத்தம் போடும், ஆனால் அந்த ஜாயிண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வராது. ஏனென்றால் அந்த இடத்தில் உள்ளே உறிஞ்சுகிறது, வெளியே தள்ளவில்லை. இங்கேயும் அதேதான். டேங்கிலிருந்து பம்புக்கு வருகிற தடித்த ரப்பர் ஓஸ்தான் சக்‌ஷன் லைன். அதில் ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது ஆயில் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். இராத்திரி நிற்கும்போது மட்டும், டேங்க் மேலே இருப்பதால், அந்த இடம் லேசாக வியர்க்கும். பகலெல்லாம் ஓடி அதன்மேல் புழுதி அப்பிக்கொள்ளும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

பம்புக்குள் ரோட்டரில் சின்னச் சின்னத் தகடுகள் வெளியே தள்ளிக்கொண்டு சுற்றும். அதற்கு மசகும் ஆயில்தான், வேலைப் பொருளும் அதே ஆயில்தான். குமிழி உள்ளே போய் அழுத்தத்தில் நொறுங்கும்போது தகடும் வளையமும் அரிபடும். அந்தச் சத்தம்தான் உங்கள் மாட்டு முனகல். மேட்டுப்பாளையம் அண்ணா, உங்கள் கேள்விக்கும் இதுதான் விடை. பழைய ஓஸை வைத்துக்கொண்டு புதுப் பம்பு மாட்டியிருக்கிறார்கள், புதுப் பம்பும் காற்றைக் குடித்தே போயிருக்கிறது.

செலவில்லாத சோதனை ஒன்று: சக்‌ஷன் ஓஸின் இரண்டு முனையிலும் கிளிப்பைச் சுற்றிக் கெட்டியான கிரீஸை மொத்தமாக அப்பிவிட்டு இன்ஜினை ஓட விடுங்க. சத்தமோ நுரையோ குறைந்தால் ஓட்டை அங்கேதான்.

மேட்டுப்பாளையம் மண்டி லோடு:

இப்போதுதான் புரிகிறது. எனக்குப் புதுப் பம்பு போட்டபோது ஓஸைத் தொடவே இல்லை, பழைய கிளிப்பையே திரும்ப முறுக்கினார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திருச்செங்கோடு ரிக் வண்டி:

நுரை விஷயம் சரிதான். ஆனால் தம்பி பத்து நாளைக்குக் கால் லிட்டர் ஊற்றுகிறேன், ஒழுகல் இல்லை என்று எழுதியிருக்கிறார், அதை யாரும் எடுத்துப் பேசவில்லை. ஆயில் எங்கே போகிறது?

எங்கள் போர்வெல் ரிக் வண்டியில் இதே மாதிரி ஆயில் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. கியரில் ஓடுகிற பம்பில் ஷாஃப்ட் சீல் போனால் ஆயில் வெளியே வராது, நேராக இன்ஜினுக்குள் போய்விடும். நாங்கள் ஊற்றிக்கொண்டே இருந்தோம், இன்ஜின் ஆயில் குச்சியில் மட்டம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, வடக்கே மகாராஷ்டிராவில் வேலையில் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. ஆயில் இளகி பேரிங் தேய்ந்து, கடைசியில் இன்ஜினையே இறக்க வேண்டி வந்தது. ஒரு சின்ன சீலுக்காக ஒரு இன்ஜின். தயவுசெய்து இன்றே குச்சியை எடுத்துப் பாருங்க. மட்டம் கூடியிருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க.

நாமக்கல் பெட்டி வேலை:

இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ரிக் அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சீல் போயிருந்தால் பம்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

சங்ககிரி 6 சக்கரம்:

படித்ததும் பயந்துபோய் இராத்திரியே டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜின் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில், ஆயில் மாற்றியபோது இருந்த அதே இடத்தில்தான் இருக்கிறது. கருப்பாகத்தான் இருக்கிறது, இளகவில்லை.

காலையில் கிரீஸ் சோதனையும் செய்தேன். டேங்க் பக்கத்துக் கிளிப்பில் அப்பினேன், மாற்றமில்லை. பம்பு பக்கத்தில் அப்பியதும் இரண்டு நிமிடத்தில் நுரை குறைந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் கிளிப்புக்குக் கீழே ஓஸில் வெட்டு மாதிரி பள்ளம் விழுந்திருக்கிறது, அதைச் சுற்றி ஈரப் புழுதி. அதற்கும் கீழே சேஸ் மேல் ஆயிலும் மண்ணும் சேர்ந்து அரை அங்குலத்துக்குக் கெட்டித்துப் போயிருக்கிறது, சொரண்டினால் சிவப்பாக வருகிறது. என் கால் லிட்டர் அங்கேதான் போயிருக்கிறது.

புதுக் கிளிப் போட்டு, ஓஸை ஒரு அங்குலம் வெட்டி மாட்டிவிட்டேன். நுரை பெரிதும் நின்றுவிட்டது. ஸ்லோவில் முனகலும் இல்லை. ஆனால் ரேஸ் ஏற்றினால் இன்னும் வருகிறது. அப்படியானால் பம்பு கெட்டதுதானா?

பவானிக்கரை:

ஆயில் கெட்டுப்போயிருக்கும். எங்கள் பக்கம் அவசரத்துக்கு பிரேக் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ ஊற்றிவிடுவார்கள், ஓடத்தான் செய்கிறது.

நாமக்கல் பெட்டி வேலை:

பவானி அண்ணா கோபித்துக்கொள்ளாதீங்க, இதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். பிரேக் ஆயில் வேறு வகை. ஸ்டியரிங்கில் இருக்கிற சீலும் ஓஸும் அதற்கென்று செய்த ரப்பர் இல்லை, ஊறி உப்பிப்போகும். அன்றைக்கு ஓடும், ஒரு மாதம் கழித்துப் பெட்டி சீல் முழுக்கக் கசியும். இன்ஜின் ஆயிலோ குளிரில் தடித்துவிடும், காலை ஸ்டார்ட்டில் பம்பு அதை இழுக்கத் திணறும். வண்டிக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். நம் பக்கத்து லாரிகளில் பெரும்பாலும் சிவப்பு ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வகை ஆயில்தான் வரும், டைப் ஏ அல்லது டெக்ஸ்ரான் என்று எழுதியிருக்கும். பச்சை ஆயில் கேட்கிற வண்டிக்குச் சிவப்பை ஊற்றக் கூடாது, சிவப்பு கேட்கிற வண்டிக்குப் பச்சையும் கூடாது.

சங்ககிரி தம்பி, நான் சந்தேகப்படுவது அதே ஓஸைத்தான். அந்த ஓஸை நம்பாதீங்க. கழற்றி, பிளேடு வைத்து நீளவாக்கில் கிழித்து உள்ளே பாருங்க. வெளியே புதுசு மாதிரி இருக்கும், உள்தோல் உரிந்து தொங்கும். ஸ்லோவில் பம்பு மெதுவாக இழுக்கும்போது வழி இருக்கும். ரேஸில் பலமாக இழுக்கும்போது அந்தத் தோல் மடங்கி வழியை அடைத்துவிடும். புது ஓஸ் வாங்கும்போது ஆயிலுக்கான ஓஸ் என்று கேட்டு வாங்குங்க, ரேடியேட்டர் ஓஸ் வேண்டாம். டேங்குக்குள் இருக்கிற ஃபில்டரையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்க.

சங்ககிரி 6 சக்கரம்:

அண்ணா, கிழித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதேதான். உள்தோல் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து, நனைந்த தோல்செருப்பு மாதிரி உப்பித் தொங்குகிறது. விரலால் தொட்டால் கரி மாதிரி ஒட்டுகிறது. முன்னால் வைத்திருந்தவர்கள் யாரோ வேறு ஆயில் ஊற்றியிருக்க வேண்டும். ஃபில்டரில் அந்த ரப்பர்த் துணுக்கு நிறைய, காந்தத்தைக் காட்டினேன், இரும்புத் தூள் கொஞ்சமாகத்தான் ஒட்டியது.

ஓஸ், கிளிப், ஃபில்டர் எல்லாம் வாங்கிவிட்டேன். ஆயிலை முழுதாக மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். எப்படி என்று ஒருமுறை எழுதுங்க, நானே செய்கிறேன்.

நாமக்கல் பெட்டி வேலை:

தாராளமாகச் செய்யலாம். இரண்டு ஆள் வேண்டும், அவசரம் கூடாது. ஆயில் வண்டிக்கு வண்டி அளவு மாறும், ஆறு சக்கரத்துக்கு அலசவும் சேர்த்து ஐந்து லிட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் நடுவில் ஓட வேண்டியதில்லை.

சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு மேல் உட்கார வையுங்க. ஜாக்கியை நம்பி யாரும் கீழே போகாதீங்க, பட்டறையில் நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். டேங்கையும் ஓஸ் முனைகளையும் திறப்பதற்கு முன்னால் வேஸ்ட் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்க, ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பம்புத் தகட்டைக் கீறிவிடும். டேங்கில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பழைய ஃபில்டரைக் கழற்றுங்க. ஃபில்டர் மேலே ஒரு ஸ்பிரிங் இருக்கும், அதைத் தொலைத்துவிடாதீங்க. அது இல்லாமல் மூடினால் ஃபில்டர் எழும்பிவிடும், ஆயில் வடிகட்டாமலே சுற்றும். இந்தக் கட்டத்திலேயே புதுச் சக்‌ஷன் ஓஸை மாட்டிவிடுங்க.

அப்புறம் டேங்குக்குத் திரும்பி வருகிற ரிட்டன் ஓஸைக் கழற்றி ஒரு கேனுக்குள் விடுங்க, டேங்கில் அந்த வாயை அடைத்துவிடுங்க. டேங்கில் புது ஆயில் ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஒருவர் கேபினில் உட்கார்ந்து இந்த லாக்கிலிருந்து அந்த லாக் வரை மெதுவாக ஒடிக்க வேண்டும். பழைய ஆயில் கேனுக்குள் தள்ளிக்கொண்டு வரும். மற்றவர் டேங்க் காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலியாக விட்டால் மறுபடி காற்று போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேனில் விழுவது தெளிவான சிவப்பாக வரும்வரை செய்யுங்க.

ரிட்டன் ஓஸை மாட்டிவிட்டு, இன்னும் பத்துப் பதினைந்து முறை இன்ஜின் இல்லாமலே ஒடியுங்க. அப்புறம்தான் ஸ்டார்ட், ஸ்லோவில் மட்டும். ஸ்டார்ட் ஆனதும் மட்டம் சட்டென்று இறங்கும், உடனே ஊற்றுங்க. மெதுவாக இரண்டு பக்கமும் ஒடியுங்க, லாக்கில் பிடிக்க வேண்டாம். குமிழி வருவது நிற்கும்வரை இதே வேலைதான். பெட்டியில் பிளீடிங் திருகு இருக்கிற வண்டி என்றால் அதையும் தளர்த்திக் காற்றை விட்டுவிட வேண்டும். கடைசியில் நிறுத்திவிட்டு மட்டம் ஏறுகிறதா என்று அந்தப் பழைய சோதனையை மறுபடி செய்யுங்க.

பம்பிலிருந்து பெட்டிக்குப் போகிற பிரஷர் ஓஸ் பக்கம் கசிவு தேடினால் வெறுங்கையால் தடவாதீங்க. லாரி ஸ்டியரிங்கில் 100 பாருக்கு மேல் அழுத்தம் வரும், ஊசி ஓட்டையிலிருந்து பீய்ச்சினால் தோலைத் துளைத்து ஆயில் உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டையை நீட்டிப் பாருங்க.

கரூர் வரவு செலவு:

எங்கள் வீட்டில் நான்கு வண்டி ஓடுகிறது, கணக்கு நான்தான் எழுதுகிறேன். இன்ஜின் ஆயில், கிரவுன் ஆயில், டயர் எல்லாவற்றுக்கும் நோட்டில் பக்கம் இருக்கிறது, ஸ்டியரிங் ஆயிலுக்கு இல்லை. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றலாம் அண்ணா?

நாமக்கல் பெட்டி வேலை:

அக்கா, கம்பெனி கொடுத்த சர்வீஸ் அட்டவணையில் உங்கள் மாடலுக்கு என்ன இருக்கிறதோ அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்க, அதுதான் சரியான கணக்கு. பழைய வண்டி புதிதாகக் கைக்கு வந்தால் மட்டும் கணக்குப் பார்க்காமல் உடனே ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்க, முன்னால் ஊற்றியது என்ன என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை டேங்கில் ஊற்றும்போதும் தேதியும் அளவும் எழுதச் சொல்லுங்க. மூடிய சிஸ்டம் அது, ஆயில் தானாகக் குறையாது.

கரூர் வரவு செலவு:

இன்றைக்கே பக்கம் போட்டுவிட்டேன். டிரைவர்களிடம் கேட்டதில் ஒரு வண்டியில் மாதம் அரை லிட்டர் ஊற்றுகிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. நாளைக்கு இன்ஜின் ஆயில் குச்சியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

சங்ககிரி 6 சக்கரம்:

தாமதத்துக்கு மன்னிக்கணும், நடையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நானும் கிளீனர் தம்பியும் சேர்ந்து செய்தோம், அரை நாள் ஆனது. கேனில் முதலில் வந்த ஆயில் கடுங்காப்பி மாதிரி இருந்தது. மூன்றரை லிட்டர் ஊற்றிய பிறகுதான் சிவப்பு தெளிந்தது. நடுவில் ஒருமுறை டேங்கைக் காலியாக விட்டுவிட்டோம், நீங்கள் சொன்ன மாதிரியே முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

செவ்வாய்க்கிழமை தாளவாடியில் கோஸ் ஏற்றிக்கொண்டு திம்பம் இறங்கினேன். 27 கொண்டை ஊசி வளைவும் ஜன்னலை இறக்கிவிட்டு, பாட்டு போடாமல், சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே வந்தேன். முனகல் இல்லை. பண்ணாரியில் நிறுத்தி டேங்கைத் திறந்து பார்த்தேன், நுரை இல்லை, மட்டம் ஏறவும் இல்லை. ஓஸ், கிளிப், ஃபில்டர், ஆயில் எல்லாம் சேர்த்து 3,000 தாண்டவில்லை. பம்பு பழைய பம்பேதான்.

முனகல் நின்றதும் இப்போது வேறு ஒன்று காதில் விழுகிறது. வளைவில் திருப்பி நேராக்கும்போது ஒரே ஒரு "டக்". முன்பும் இருந்திருக்கும், கேட்டிருக்காது.

நாமக்கல் பெட்டி வேலை:

நல்ல செய்தி தம்பி. அந்த "டக்" டிராக் லிங்க் பந்தாகவோ, பெட்டியிலிருந்து இறங்குகிற டிராப் ஆர்மாகவோ இருக்கும். வண்டி தரையில் நிற்க, கிளீனரை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சின்னதாக ஆட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஜாயிண்ட் மேலும் கை வையுங்க, தட்டுகிற இடம் உள்ளங்கையில் தெரியும். டிராப் ஆர்ம் நட்டு தளர்ந்திருந்தால் அன்றைக்கே முறுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அடுத்த நடை. பார்த்துவிட்டு எழுதுங்க.

சங்ககிரி 6 சக்கரம்:

சரிங்க அண்ணா. வெள்ளிக்கிழமை லோடு இருக்கிறது, வியாழக்கிழமையே பார்த்துவிட்டு எழுதுகிறேன்.